முடிவை மாற்றும் சூழல் ஆய்வுமுறையின் பகுதியே

மொழியியல் முதுகலை வகுப்பின் முதல் பருவத்திலேயே சூழல் என்னும் சொல் மாணவர் முன் வந்து நிற்கிறது. 'பக்கம்' என்பதில் உள்ள ககரமும், 'பங்கு' என்பதில் உள்ள ககரமும், 'பகல்' என்பதில் உள்ள ககரமும் எழுத்தில் ஒன்றே. ஒலியில் வேறு வேறு. எங்கே எது வரும் என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. ஆகவே, சூழலைக் குறிப்பிடாமல் எழுதப்பட்ட ஒலியன் விதியை எந்த ஆசிரியரும் ஏற்பதில்லை. 'இன்ன ஒலி இன்ன ஒலியாகும்' என்று மட்டும் எழுதி, 'இன்ன சூழலில்' என்பதை விட்டுவிட்ட விடைத்தாளுக்கு அரை மதிப்பெண்கூடக் கிடைப்பது அரிது.

அதே துறையில், அதே மாணவர் சில ஆண்டுகள் கழித்துத் தரவகம் ஒன்றைக் கணினியில் பகுத்து ஆய்வேடு எழுதும்போது, அந்தக் கணக்கீடு எந்தச் சூழலில் நிகழ்ந்தது என்று கேட்பார் பெரும்பாலும் இல்லை. 'டாக்கர் கொள்கலனில் இயக்கப்பட்டது' என்ற ஒரு வரி போதுமானதாகக் கருதப்படுகிறது. அந்த ஒரு வரி போதாது என்பதும், அது ஏன் போதாது என்பதைத் துறைசார் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதுமே இப்பதிவின் கருத்து.

சூழல் மாறி என்பது ஒரு சுட்டு

சூழல் மாறி என்பது புதிய சரக்கு அன்று. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது வந்துவிட்டது. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. இத்தகைய இணைகளின் பட்டியல் ஒன்றை, ஒரு நிரல் தொடங்கும்போது அதைத் தொடங்கிவைத்த நிரல் கையளிக்கிறது. நிரல் தன் பங்குக்குத் தான் தொடங்கிவைக்கும் நிரல்களுக்கு அந்தப் பட்டியலைக் கையளிக்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்று செல்லும் இந்த மரபுரிமை வெளியே தெரிவதில்லை. நிரலின் மூலவரிகளை எத்தனை முறை படித்தாலும் அந்த மதிப்புகள் கண்ணில் படுவதில்லை.

மொழியியலார்க்கு இதை விளக்க எளிய வழி உண்டு. அ, இ, உ ஆகிய மூன்றும் தமிழில் சுட்டெழுத்துகள். 'அவன்', 'இங்கே' என்னும் சொற்களின் பொருள் அகராதியில் முழுமையாக இல்லை. பேசுபவர் யார், எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து அது நிறைவு பெறுகிறது. சூழல் மாறியும் அத்தகைய சுட்டே. 'ஹோம்' என்று நிரல் சொல்வது எந்தக் கோப்புறையை? 'பாத்' என்பது எந்த எந்த இடங்களை, எந்த வரிசையில்? 'லாங்' என்பது எந்த மொழியை? நிரலில் இருப்பது சுட்டு மட்டுமே. சுட்டப்படும் பொருள், நிரல் இயங்கும் இடத்தில் இருக்கிறது. இடம் மாறினால் அதே வாக்கியம் வேறு பொருள் தரும்.

2013இல் டாக்கர் பொதுவெளிக்கு வந்தபோது அளித்த உறுதி, இந்த இடமாற்றச் சிக்கலைத் தீர்ப்பதாகவே இருந்தது. நிரலையும், அது சார்ந்திருக்கும் நூலகங்களையும், கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, இமேஜ் என்ற பெயரில் எங்கும் கொண்டுசெல்லலாம். சென்ற இடத்தில் அது கொள்கலனாக இயங்கும். 'என் கணினியில் ஓடியதே' என்ற பழைய முறையீட்டுக்கு இது விடையாயிற்று. கணினிசார் ஆய்வுகளை மறுநிகழ்த்துவதற்குக் கொள்கலன் ஒரு பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தப் பொதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டன என்று எண்ணுவதுதான் பிழை. கொள்கலனுக்குள் இயங்கும் நிரலின் சூழல் மாறிகள் குறைந்தது நான்கு இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்ட இமேஜை உருவாக்கியவர் வைத்தவை. இரண்டாவது, ஆய்வாளர் தம் டாக்கர்ஃபைலில் 'என்வி' என்னும் ஆணையால் எழுதியவை. மூன்றாவது, கொள்கலனை இயக்கும் கட்டளையிலோ, அதனுடன் தரப்படும் 'என்வி' கோப்பிலோ கொடுக்கப்பட்டவை. நான்காவது, உள்ளே தொடங்கும் ஸ்கிரிப்ட் தானாக மாற்றியவை. இயக்கும்போது தரப்படும் மதிப்பு இமேஜில் உள்ள மதிப்பை மேற்கொண்டுவிடும். அதாவது, இமேஜ் ஒன்றாகவே இருந்தும், இரண்டு பேர் இரண்டு விதமாக அதை இயக்கக்கூடும். இமேஜை வெளியிடுவது நிரலை வெளியிடுவதேயன்றி, நிகழ்ந்ததை வெளியிடுவது ஆகாது.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

இது வெறும் பொறியியல் நுணுக்கம் என்று ஒதுக்குவோர்க்கு ஒரு சிறிய கேள்வி: 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்?

இலக்கணப்படி மூன்று: த, மி, ழ். யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளைக் கணக்கிட்டால் ஐந்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், பைட்டுக் கணக்கில் 15. லினக்ஸில் எழுத்துகளை எண்ணித்தரும் கட்டளை இவற்றுள் எதைத் தரும்? லொக்கேல் யூடிஎஃப்-8 வகையினதாக இருந்தால் 5. மாறி எதுவும் வைக்கப்படாமல், 'சி' என்னும் வெற்று லொக்கேலில் இயங்கினால் 15. நிரல் ஒன்றே, கோப்பு ஒன்றே, சொல்லும் ஒன்றே. விடை மட்டும் மூன்று மடங்காகிறது.

ஆய்வாளரின் மடிக்கணினியில் லொக்கேல் பொதுவாக அமைந்தே இருக்கும். கணினியை நிறுவும்போது மொழி, நாடு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். சிறிதாக வைத்திருக்க வேண்டும் என்ற நோக்கில் கட்டப்படும் அடிப்படை இமேஜ்கள் பலவற்றில் அது அமைவதில்லை. ஆகவே, மடிக்கணினியில் சரிபார்க்கப்பட்ட கட்டளைத்தொடர் கொள்கலனுக்குள் சென்றதும் வேறு எண்ணைத் தருகிறது. சொல்லின் சராசரி நீளத்தை வைத்து நடையியல் ஆய்வு செய்பவர்க்கு இது சிறு பிழை அன்று.

வரிசைப்படுத்தலில் நிலைமை இன்னும் நுட்பமானது. பலம், பவளம், பழம், பளு ஆகிய நான்கு சொற்களைத் தமிழ் அகரவரிசைப்படி அடுக்கினால் இதே வரிசை வரும். ல, வ, ழ, ள என்பதே நெடுங்கணக்கு. வெற்று லொக்கேலில் சார்ட் கட்டளை பைட்டு மதிப்பைப் பார்க்கிறது. யூனிகோடு அட்டவணையில் ல, ள, ழ, வ என்று இருப்பதால் பலம், பளு, பழம், பவளம் என்று அடுக்குகிறது. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். பைட்டு வரிசையில் புள்ளியின் மதிப்பு மெய்யெழுத்துகளின் மதிப்பினும் உயர்ந்தது என்பதால் 'பகல்' முன்னே வந்துவிடும்.

தொடரடைவு ஒன்றின் வரிசை பிறழ்ந்தால் கண்ணுக்குத் தெரியும்; திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத கேடு வேறு. ஒரு சொற்பட்டியலைக் கொள்கலனுக்கு வெளியே ஒரு லொக்கேலில் வரிசைப்படுத்தி, மற்றொரு பட்டியலுடன் கொள்கலனுக்குள் வேறொரு லொக்கேலில் 'ஜாயின்' கட்டளையால் இணைத்தால், இணைய வேண்டிய வரிகள் சில விடுபட்டுப்போகும். 'வரிசையில் இல்லை' என்ற எச்சரிக்கை ஆயிரம் வரிப் பதிவுக்கோப்பின் நடுவே புதைந்துவிடும். விடுபட்ட சொற்கள் விடுபட்டதாகவே தெரியாமல், 'இச்சொல் அத்தரவகத்தில் வழங்கவில்லை' என்ற முடிவாக ஆய்வேட்டில் ஏறிவிடும்.

மாறியை எழுதிவிட்டால் மட்டும் போதும் என்பதும் இல்லை. தமிழ் லொக்கேலைச் சுட்டும் மதிப்பை 'எல்சி ஆல்' மாறியில் வைத்துவிட்டு, அந்த லொக்கேலை இமேஜில் நிறுவ மறந்தால், சார்ட் கட்டளை ஓசையின்றிப் பைட்டு வரிசைக்குத் திரும்பிவிடும். சுட்டு இருக்கிறது; சுட்டப்படும் பொருள் இல்லை. பொருள் இருந்தும் அது மாறக்கூடும்: 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 நூலகத்தில் வரிசைப்படுத்தல் விதிகள் பரவலாகத் திருத்தப்பட்டன. அதன் விளைவாக, பழைய வரிசையை நம்பிக் கட்டப்பட்டிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணைகளை மீண்டும் கட்ட நேர்ந்தது. எனவே மாறியின் மதிப்பும், அதற்குப் பொருள் தரும் நூலகத்தின் பதிப்பும் சேர்ந்தே சூழல் ஆகின்றன. கொள்கலனின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது: நூலகத்தை அது நிலைநிறுத்துகிறது. மாறியை நிலைநிறுத்துவது ஆய்வாளரின் பொறுப்பாக எஞ்சுகிறது.

நேரமும் தற்செயலும்

சமூக ஊடகப் பதிவுகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வுகள் இன்று பெருகியுள்ளன. நேரமண்டலத்தைக் குறிக்கும் மாறி வைக்கப்படாவிட்டால் கொள்கலன் பொதுவாக உலகப் பொது நேரத்தைக் கொள்ளும். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. நள்ளிரவுக்கும் விடியற்காலை 5.30க்கும் இடையே எழுதப்பட்ட பதிவுகள் எல்லாம், கணினியின் உள்ளூர் நேரத்தை நம்பி நாள்வாரியாகப் பிரிக்கும்போது முந்தைய நாளின் கணக்கில் விழும். ஒரு தேர்தல் முடிவு வெளியான நாளுக்கு முன்னும் பின்னும் சொல்லாட்சி எவ்வாறு மாறியது என்று ஆராய்பவர்க்கு, அந்த ஐந்தரை மணி நேரம் முடிவையே புரட்டக்கூடும்.

பைத்தான் 3.3 முதல், சரங்களின் ஹேஷ் மதிப்பு இயக்கத்துக்கு இயக்கம் தற்செயலாக மாறுகிறது. பாதுகாப்புக் கருதிச் செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் தனிச்சொற்களை ஒரு கணமாகத் திரட்டி, அதை அப்படியே வரிசையாக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கொடுக்கும் நிரலில், ஒவ்வொரு முறையும் சொல்லுக்குரிய எண் மாறும். அந்த எண்களை நம்பிப் பயிற்றப்படும் மாதிரியும் மாறும். நிரலின் உள்ளே தற்செயல் விதையை நிலையாக வைத்திருக்கிறோமே என்று ஆய்வாளர் வியப்பார். 'பைத்தான் ஹேஷ் சீட்' என்ற சூழல் மாறி நிரல் தொடங்குமுன்பே வைக்கப்பட வேண்டியது. நிரலுக்குள்ளே பின்னர் வைப்பதால் பயனில்லை. எண்களை ஒதுக்குமுன் சொற்களை வரிசைப்படுத்துவது இன்னும் நல்ல தீர்வு. அப்போதும் எந்த வரிசை என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது.

எத்தனை இழைகளில் கணக்கிட வேண்டும் என்று சொல்லும் 'ஓஎம்பி' மாறி மாறினால், பதின்ம எண்களைக் கூட்டும் ஒழுங்கு மாறி, கடைசி இலக்கங்கள் வேறுபடலாம். கணிதத்தில் கூட்டலுக்கு வரிசை இல்லை. கணினியின் பதின்மக் கூட்டலுக்கு உண்டு. என்விடியா அட்டைகளில் பைடார்ச் நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரவேண்டும் என்று வற்புறுத்த, கியூப்ளாஸ் நூலகத்தின் பணியிட அளவைக் குறிக்கும் சூழல் மாறி ஒன்றையும் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதிரிகளின் துல்லியத்துக்கு இடையே உள்ள வேறுபாடு புள்ளிக்குப் பின் வரும் சிறு எண்ணாக இருக்கும்போது, இவையெல்லாம் அடிக்குறிப்பில்கூட இடம்பெறாமல் போவது முறையன்று.

ஒரே இமேஜ், எதிரெதிரான இரு மரபுகள்

இந்திய ஆய்வு மாணவர் பலரின் பணி இரண்டு இடங்களில் நடக்கிறது. எழுதுவதும் சோதிப்பதும் மடிக்கணினியில். பெருங்கணக்கீடு நிறுவனத்தின் மீக்கணினியில். தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் 2019இல் வாரணாசியில் பரம் சிவாய், 2022இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா என்று இத்தகைய வசதிகள் விரிவடைந்து வருகின்றன. பலர் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய கணினிகளில் பொதுவாக டாக்கருக்கு இடம் தருவதில்லை. அதன் வழக்கமான அமைப்புக்கு மேலாளர் உரிமை வேண்டியிருப்பது காரணம். அதற்கு மாற்றாக வழங்குவது, முன்பு சிங்குலாரிட்டி என்று அழைக்கப்பட்ட ஆப்டெய்னர்.

இரண்டும் ஒரே இமேஜை இயக்கவல்லவை. ஆனால் சூழல் மாறிகளைக் கையாள்வதில் இரண்டும் எதிரெதிர் மரபினை உடையவை. டாக்கர், வெளிக்கணினியின் மாறிகளை உள்ளே விடுவதில்லை; வெளிப்படையாகக் கொடுத்தால்தான் செல்லும். ஆப்டெய்னர், தடுக்கச் சொன்னாலொழிய வெளியிலுள்ள மாறிகளைப் பெரும்பாலும் உள்ளே கொண்டுசெல்லும். பயனரின் இல்லக் கோப்புறையையும் வழக்கமாக உள்ளே இணைத்துவிடும். என்றோ ஒரு நாள் வேறொரு பணிக்காக மீக்கணினியில் நிறுவிய பைத்தான் தொகுப்பு ஒன்று இல்லக் கோப்புறையில் கிடந்தால், அது கொள்கலனுக்குள்ளும் தலைகாட்டி, இமேஜில் கவனமாகப் பதிப்பு குறித்து வைத்த தொகுப்பைப் பின்தள்ளிவிடக்கூடும். 'கிளீன் என்வி' என்ற தெரிவைக் கொடுத்தால் மாறிகள் வடிகட்டப்படும். இல்லக் கோப்புறையின் இணைப்பைத் தனியே தடுக்க வேண்டும். அந்தத் தெரிவுகளைக் கொடுத்தாரா இல்லையா என்பது ஆய்வேட்டில் இருக்காது. மடிக்கணினியில் பெற்ற முடிவும் மீக்கணினியில் பெற்ற முடிவும் ஒத்துவராதபோது, 'இமேஜ் ஒன்றுதானே' என்று நெறியாளர் கேட்பார். மாணவரிடம் விடை இராது.

அமைப்பு எது, ஆய்வுமுறை எது?

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 2011இல் வகுத்தளித்த 'பன்னிரு கூறு' நெறிகள் மென்பொருள் உலகில் பரவலாக ஏற்கப்பட்டவை. அவற்றுள் ஒன்று, அமைப்பை நிரலிலிருந்து பிரித்துச் சூழல் மாறிகளில் வைக்க வேண்டும் என்பது. நிரலை எந்த நொடியிலும் பொதுவில் வெளியிட்டாலும் எந்தக் கடவுச்சொல்லும் வெளிப்படாமல் இருக்கிறதா என்பதே அந்நெறிக்கான உரைகல். இந்தக் கருத்தைக் கற்ற மாணவர், 'சூழல் மாறிகள் இடத்துக்கு இடம் மாறுவதற்கென்றே உள்ளவை. அவற்றை வெளியிடுவது நெறிக்கு மாறானது' என்று எண்ணுவதில் வியப்பில்லை.

அந்நெறி எதற்காக எழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இணையச் சேவை ஒன்று சோதனைத் தளத்திலும் பயன்பாட்டுத் தளத்திலும் ஒரே நிரலாக இயங்க வேண்டும். தரவுத்தளத்தின் முகவரி மட்டும் மாற வேண்டும். அங்கே மாறுவது இடம், மாறாதது பயன். ஆய்வில் நிலைமை வேறு. லொக்கேல் மாறினால் எண்ணிக்கை மாறுகிறது; நேரமண்டலம் மாறினால் நாள் மாறுகிறது; இழை எண்ணிக்கை மாறினால் கடைசி இலக்கம் மாறுகிறது. எதை மாற்றினால் முடிவு மாறுமோ அது அமைப்பு அன்று, அது ஆய்வுமுறை. ஆய்வுமுறை இயல் என்ற பெயரில் தனி இயலே எழுதும் ஆய்வேடுகளில், முடிவை மாற்றவல்ல ஒன்றை எழுதாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

ஆகவே, சூழல் மாறிகளை ஒரே குவியலாகப் பார்ப்பதை விட்டு மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது தெளிவு தரும்.

முதல் வகை, முடிவை மாற்றுபவை: லொக்கேல், நேரமண்டலம், ஹேஷ் விதை, இழை எண்ணிக்கை, நூலகங்கள் தேடப்படும் பாதை முதலியன. இவை டாக்கர்ஃபைலிலேயே எழுதப்பட வேண்டும். ஆய்வேட்டிலும் அறிவிக்கப்பட வேண்டும்.

இரண்டாம் வகை, இடத்தைச் சுட்டுபவை: தரவு வைக்கப்பட்டுள்ள கோப்புறை, தற்காலிகச் சேமிப்பிடம், சேவையகத்தின் முகவரி முதலியன. இவற்றின் பெயர்கள் மட்டும் மாதிரிக் கோப்பு ஒன்றில் வெளியிடப்பட வேண்டும். மதிப்பை இயக்குபவர் தம் இடத்துக்கேற்ப நிரப்பிக்கொள்வார்.

மூன்றாம் வகை, மறைவாக இருக்க வேண்டியவை: கடவுச்சொற்களும் ஏபிஐ சாவிகளும். இவை இமேஜிலும் இருக்கக்கூடாது; ஆய்வேட்டிலும் இருக்கக்கூடாது.

இன்றைய நடைமுறையின் அவலம் என்னவெனில், வெளியிட வேண்டிய முதல் வகை மறைந்துகிடக்கிறது; மறைக்க வேண்டிய மூன்றாம் வகை வெளிப்பட்டுக் கிடக்கிறது.

வெளிப்பட்டுவிட்ட சாவிகள்

டாக்கர்ஃபைலில் 'என்வி' ஆணையால் எழுதிய மதிப்பு இமேஜின் விவரக்குறிப்பில் நிலையாகப் பதிந்துவிடும். இமேஜைப் பெற்ற எவரும் 'இன்ஸ்பெக்ட்' கட்டளை ஒன்றால் அதைப் படிக்கலாம். 'ஆர்க்' ஆணை இமேஜ் கட்டும்போது மட்டுமே செயல்படுவது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் தவறானது. இமேஜின் வரலாற்றில் அதன் தடம் தங்கிவிடும். சாவி உள்ள கோப்பை ஓர் அடுக்கில் சேர்த்து, அடுத்த அடுக்கில் நீக்கினாலும், முந்தைய அடுக்கில் அது அப்படியே இருக்கும். ஓலைச்சுவடியில் அடித்து எழுதிய வரியைப் போல, மேலே கோடு விழுந்திருக்கும்; எழுத்து அழிந்திராது.

இது கற்பனை அச்சம் அன்று. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவெளியில் கிடைக்கும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இமேஜ்களைச் சோதித்தனர். அவர்கள் சோதித்தவற்றில் 8.5 விழுக்காடு இமேஜ்களில் இத்தகைய மறைபொருள்கள் ஏதேனும் வெளிப்பட்டுக் கிடந்தன. பன்னிரண்டு இமேஜுக்கு ஒன்று என்ற அளவு அது.

வணிக நிறுவனத்தின் சாவி வெளிப்பட்டால் பணம் இழப்பாகும். மொழியியல் துறையில் இழப்பு வேறு வகையானது. களப்பணியில் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் இன்று மேகச் சேமிப்பகங்களில் வைக்கப்படுகின்றன. அந்தச் சேமிப்பகத்தின் சாவி ஓர் இமேஜில் ஒட்டிக்கொண்டு வெளியேறினால், வெளியேறுவது தகவலாளர்களின் குரல். தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, குடும்பக் கதையையும் ஊர்ப் பூசலையும் நம்பிச் சொன்ன முதியவரின் குரல். 'இது ஆய்வுக்கு மட்டும் பயன்படும்' என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் பெறப்பட்டிருக்கிறது. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் கடமை, டாக்கர்ஃபைலின் ஒரு வரியிலும் இருக்கிறது.

தீர்வுகள் கடினமானவை அல்ல. இமேஜ் கட்டும்போது சாவி தேவைப்பட்டால், பில்ட்கிட் வழங்கும் மறைபொருள் இணைப்பு வசதியைப் பயன்படுத்தலாம்; அது அடுக்கில் பதியாது. 'என்வி' கோப்பைக் கிட்டின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்ப்பதோடு நில்லாமல், டாக்கரின் புறக்கணிப்புப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். முன்னதை மட்டும் செய்துவிட்டு, கோப்புறை முழுவதையும் இமேஜுக்குள் நகலெடுப்பதே பரவலான தவறு. இயங்கும்போது தேவைப்படும் சாவியையும், இயன்றவரை மாறியாக அன்றி, படிக்க மட்டும் உரிமையுள்ள கோப்பாகத் தருவது மேலானது. மாறியாகத் தந்தால் அந்நிரல் தொடங்கிவைக்கும் நிரல்கள் அனைத்துக்கும் அது மரபுரிமையாகச் சென்றுவிடும். ஒருமுறை வெளிப்பட்ட சாவியை மறைக்க முயல்வதில் பயனில்லை. அதை உடனே செல்லாததாக்கிப் புதியது பெறுவதே வழி.

மாணவர் தோளில் மட்டும் ஏற்றலாமா?

மொழியியல் மாணவர் பொறியாளர் அல்லர். களப்பணி, ஒலிபெயர்ப்பு, இலக்கணப் பகுப்பு என்று ஏற்கெனவே சுமை மிகுந்தவர். இதையும் அவர் தலையில் ஏற்றுவது தகுமா என்று கேட்பது நியாயமான கேள்வியே. ஆனால் கேட்கப்படுவது பொறியியல் பட்டம் அன்று. ஒரு பக்க அளவிலான பின்னிணைப்பு. ஒலிப்பதிவுக் கருவியின் பெயரையும், பதிவு செய்த அறையின் தன்மையையும், மாதிரி வீதத்தையும் ஒலியியல் ஆய்வேடுகள் எழுதத் தவறுவதில்லை. அந்த விவரங்கள் முடிவைப் பாதிக்கும் என்று துறை அறிந்திருப்பதே காரணம். லொக்கேலும் முடிவைப் பாதிக்கும் என்று துறை அறிந்துகொண்டால், அதுவும் அதே இயல்போடு எழுதப்படும்.

பொறுப்பில் பெரும்பங்கு நிறுவனங்களுடையது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் சொல்லொற்றுமையை அளக்கச் சொல்கிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகக் கடுமை. ஆகவே ஒவ்வொரு துறையிலும் ஒற்றுமை அறிக்கைக்காக மாணவர் அலைகின்றனர். சொற்கள் பிறருடையவையா என்று சோதிக்க இத்தனை ஏற்பாடு. எண்கள் மீண்டும் வருமா என்று சோதிக்க ஏற்பாடு இல்லை. சொந்தச் சொற்களில் எழுதப்பட்ட, மறுநிகழ்த்த இயலாத முடிவு, நேர்மைச் சோதனையில் முழுத் தேர்ச்சி பெற்று வெளியேறுகிறது. கணினி மொழியியல் கழகமான ஏசிஎல் தன் கட்டுரையாளர்களிடம் நிரப்பக் கேட்கும் சரிபார்ப்புப் பட்டியல், கணினி உட்கட்டமைப்பையும் பயன்படுத்திய தொகுப்புகளின் அமைப்புகளையும் கேட்கிறது. பன்னாட்டு மாநாட்டுக்கு எட்டுப் பக்கக் கட்டுரை அனுப்பும்போது விடை சொல்லும் மாணவர், முந்நூறு பக்க ஆய்வேட்டில் அதைச் சொல்லத் தேவையில்லை என்பது விந்தை.

புதிய ஒழுங்குமுறை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. துறை அளவிலேயே மூன்று கேள்விகளை வழக்கமாக்கலாம். கணக்கீட்டு இயல் கொண்ட எந்த ஆய்வேட்டையும் கையொப்பமிடுமுன் நெறியாளர் கேட்கட்டும்: முடிவை மாற்றும் மாறிகள் எவை, அவற்றின் மதிப்பு என்ன? எந்தக் கட்டளையால், எந்தக் கணினியில், எந்தத் தெரிவுகளுடன் கொள்கலன் இயக்கப்பட்டது? இமேஜில் சாவி ஏதும் இல்லை என்று சோதிக்கப்பட்டதா? வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளரும் இவற்றைக் கேட்கட்டும். கேட்கப்படும் என்று தெரிந்தாலே எழுதப்படும்.

மாணவர்கள் தம்மளவில் செய்யக்கூடியது இன்னும் எளிது. கணக்கீட்டு ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக, முதல் வகை மாறிகளின் பெயரையும் மதிப்பையும் முடிவுக்கோப்பின் தலைப்பிலேயே எழுதச் செய்யலாம். மாறிகள் அனைத்தையும் கண்மூடித்தனமாகக் கொட்டிவிடக் கூடாது; அவற்றில் சாவியும் இருக்கலாம். தேர்ந்தெடுத்த ஐந்தாறு பெயர்கள் போதும். வேண்டிய மாறி வைக்கப்படாதிருந்தால், ஏதோ ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு தொடராமல், நின்றுவிடும்படி நிரலை எழுதலாம். ஓசையின்றித் தவறான விடை தரும் நிரலைவிட, உரத்த குரலில் நின்றுவிடும் நிரல் ஆய்வுக்கு உகந்தது. இறுதியில், மாறிகளில் ஒன்றை வேண்டுமென்றே மாற்றி மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். முடிவு மாறவில்லையெனில் மகிழ்ச்சி. மாறினால், அது ஆய்வேட்டில் இடம்பெற வேண்டிய செய்தி.

ககரத்தின் ஒலி எந்த இடத்தில் எவ்வாறு திரிகிறது என்று எழுதும்போது சூழலைக் குறிக்கத் தவறாத துறை இது. தரவகத்தில் ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எழுதும்போதும் அதே கட்டுப்பாட்டைக் கைக்கொள்வது புதிய ஒழுக்கம் எதையும் கற்பது ஆகாது. துறை தன் பழைய ஒழுக்கத்தைக் கணினிக்கும் நீட்டிப்பதே அது.